அச்சத்தின் உறைவிடம்: அமெரிக்கத் திகிற் சித்திரக்கதை ஏடுகளும் சமூக விமரிசனமும்

1

வெகுசன வாசிப்புக்கென உற்பத்தி செய்யப்படும் எழுத்துக்களைத் தரங்குறைந்தவையென ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், பெருந்தொகையான வாசகர் காசு கொடுத்து வாங்கிய ஒரு வடிவம், அவர்தம் வாழ்க்கையோடு ஏதோவொரு வகையிற் பிணைப்புண்டிருந்தாலன்றி நிலைத்திருக்க முடியாது. அப்பிணைப்பின் தன்மை யாது, அது எவருடைய நலனுக்கு உதவியது, அதனைத் துண்டிக்க முனைந்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பாது அத்தகைய எழுத்தை மதிப்பிடல் இயலாது. 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த திகில், மர்ம, அதீதக் கற்பனைக் கதைத்தொகுப்புச் சித்திர ஏடுகள் இவ்வினாக்களை எழுப்பி விடைகாண்பதற்குப் பொருத்தமான சான்றாக அமைகின்றன.

திகிற்கதையொன்றை மதிப்பிடுகையில், அது எவ்வளவு தூரம் அச்சுறுத்துகின்றது என்பதைக் காட்டிலும், அச்சத்தின் உறைவிடமாக எதனைக் காட்டுகின்றது என்பதே முதன்மையான வினாவாகும். அச்சத்தின் ஊற்றுச் சமூகத்தின் உள்ளேயே இருப்பதாகக் காட்டும் கதையும், அது வெளியிலிருந்து வந்து சேர்வதாகக் காட்டும் கதையும் ஒரே இருளையும் ஒரே குருதியையும் பயன்படுத்தலாம்; அவை வாசகனைக் கொண்டுசெல்லும் இடங்கள் வேறு. 1954ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தணிக்கை ஒழுங்கு இவ்வேடுகளில் அச்சத்தின் உறைவிடத்தைச் சமூகத்தின் உள்ளிருந்து வெளியே பெயர்த்தது என்பதையும், இத்தகைய ஏடுகளுக்கெதிரான இயக்கங்களில் முற்போக்காளரும் முன்னின்றனர் என்பதையும், அதனால் விளைந்த இழப்பினையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இவ்வகை ஏடுகளுள் தலையாயவை ஈ.சி. என்னும் நிறுவனத்தின் வெளியீடுகளாகும். விவிலியக் கதைகளையும் வரலாற்றையும் சித்திரக்கதைகளாக வெளியிடும் எண்ணத்துடன் மக்ஸ் கெயின்ஸ் தொடங்கிய அந்நிறுவனம், 1947இல் அவர் படகு விபத்தில் இறந்தபின் அவர் மகன் வில்லியம் கெயின்ஸின் பொறுப்புக்கு வந்தது. 1950 முதல் 'ரேல்ஸ் ஃபுறொம் த கிறிப்ற்', 'வியேட் சயன்ஸ்', 'வியேட் ஃபன்ரஸி', 'கிறைம் சஸ்பென்ஸ்ரோறீஸ்' முதலான ஏடுகளும், 1952 முதல் 'ஷொக் சஸ்பென்ஸ்ரோறீஸ்' என்னும் ஏடும் வெளிவந்தன. விலை 10 சதம். ஓர் இதழில் வழக்கமாக நான்கு கதைகள்; ஒவ்வொன்றும் 6 முதல் 8 பக்கங்கள். பெரும்பாலான கதைகளைக் கெயின்ஸுடன் கலந்து எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்ரைன். வசனங்களும் விவரணங்களும் முதலிற் பொறிக்கப்பட்ட பின்னரே பக்கங்கள் ஓவியர் கைக்குச் சென்றன. மாதாமாதம் குறித்த தொகைக் கதைகளைச் செய்து முடித்தாக வேண்டிய பண்ட உற்பத்தி முறையே இதுவென்பதில் ஐயமில்லை.

எனினும், இவ்வடிவத்தின் ஓர் இயல்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கதைத்தொகுப்பு ஏட்டிலே தொடர்ந்து வரும் நாயகன் இல்லை. வீரசாகசக் கதையிலோ, அடுத்த இதழிலும் நாயகன் தோன்றியாக வேண்டும். எனவே அவன் வெல்லத்தான் வேண்டும். அவன் வெல்வதாயின் அவன் காக்கும் சமூக ஒழுங்கும் காக்கத்தக்கதாகவே தோற்றமளிக்க வேண்டும். ஏழு பக்கத்தில் முடிந்துவிடும் தனிக்கதைக்கு இக்கட்டாயம் எதுவுமில்லை. அதிற் காப்பாற்ற வருபவன் ஒருவனும் இல்லாதிருக்கலாம். குற்றவாளி சட்டத்தின் காவலனாகவே இருக்கலாம். கடைசிச் சட்டகத்தில் நீதி தோற்றுப்போகலாம். இறுதித் திருப்பம் என்னும் மலிவான உத்தி, இக்காரணத்தால், சில வேளைகளில் வேறெந்த வெகுசன வடிவத்துக்கும் கைகூடாத ஒரு சமூக விமரிசனக் கருவியாக மாறியது.

சான்றாகச் சில கதைகளை நோக்கலாம். 'ஷொக் சஸ்பென்ஸ்ரோறீஸ்' 2ஆம் இதழில் (1952) ஜக் டேவிஸ் வரைந்த 'தேசபக்தர்கள்' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை, கொரிய யுத்தத்திலிருந்து மீண்ட படையினரின் ஊர்வலத்தில் நிகழ்கின்றது. கொடி கடந்து செல்கையில் ஒருவன் தொப்பியைக் கழற்றவில்லை. முகத்திலே ஓர் ஏளனக் குறியும் காணப்படுகின்றது. கூட்டம் அவனை அடித்துக் கொன்றுவிடுகின்றது. அவன் யுத்தத்திற் பார்வையிழந்த படைவீரன் என்பதும், ஏளனமாகத் தோன்றியது முகக்காயத்தின் விளைவே என்பதும் அவன் மனைவி வாயிலாக வெளிப்படுகின்றன. இக்கதையிற் பேயும் இல்லை, பிணமும் எழவில்லை. அச்சம் தருவது தேசபக்தியின் பெயரால் ஒன்றுசேர்ந்த அயலவர் கூட்டமே. மக்காத்தியின் வேட்டை உச்சநிலையில் இருந்த ஆண்டொன்றில், பத்துச் சத ஏட்டில் இது வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த இதழில் வொலி வூட் வரைந்த கதையொன்றில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் ஒருவன் விசாரணைக்கு முன்னரே ஊர்க் காவலதிகாரியினாற் கொல்லப்படுகின்றான். அவன் நிரபராதி என்பது பின்னரே தெரியவருகின்றது. 6ஆம் இதழில் வெளிவந்த மற்றொரு கதையில், முகமூடிக் கும்பலொன்றின் கொலையைக் கண்ட பத்திரிகையாளன், மருத்துவமனைக்கு வந்த அரச புலனாய்வாளரிடம் உண்மையைச் சொல்கின்றான். வந்தவர்களோ அக்கும்பலைச் சேர்ந்தவர்கள். இக்கதைகளில் இறுதித் திருப்பம் வாசகனுக்கு ஆறுதல் தருவதில்லை. அவன் நம்பியிருந்த நிறுவனமே குற்றத்தின் இருப்பிடம் என்பதை அத்திருப்பம் வெளிப்படுத்துகின்றது.

அதீதக் கற்பனைத் துறையிலும் இவ்வியல்பு காணப்படுகின்றது. 'வியேட் ஃபன்ரஸி' 18ஆம் இதழில் (1953) ஜோ ஒர்லாண்டோ வரைந்த 'தீர்ப்பு நாள்' என்னும் பொருள்படும் கதையில், பூமியிலிருந்து செல்லும் விண்வெளி அதிகாரி ஒருவன் இயந்திர மனிதர்கள் வாழும் கோளொன்றைப் பார்வையிடுகின்றான். அண்டக் குடியரசிற் சேரும் தகுதி அக்கோளுக்கு உண்டா என்பதை அவன் தீர்மானிக்க வேண்டும். செம்மஞ்சள் நிற இயந்திரங்கள் ஆள்கின்றன. நீல நிறத்தவை ஒதுக்குப்புறத்தில் வாழ்கின்றன, பேருந்தின் பின்பகுதியிற் செல்கின்றன. இரண்டும் ஒரே உதிரிப்பாகங்களால் ஆனவை. வெளியுறையின் நிறமே வேறு. இவ்வேறுபாடு இயற்கையன்று, உற்பத்திக்கூடத்திலும் கல்வியிலும் திணிக்கப்படுவது என்பதை அதிகாரி கண்டறிந்து, கோளுக்குத் தகுதியில்லையெனத் தீர்ப்பளித்துச் செல்கின்றான். கடைசிச் சட்டகத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவன் கறுப்பின மனிதன் என்பதை வாசகன் காண்கின்றான். ஆறு பக்கங்களாக 'நாம்' என்று வாசகன் ஒன்றிப்போன கண் எவருடையது என்பதை அச்சட்டகமே அவனுக்கு உணர்த்துகின்றது. இங்கே உத்தியும் உள்ளடக்கமும் பிரிக்கமுடியாதவாறு இணைந்துள்ளன.

உருவ நிலையில் இவ்வடிவம் எய்திய உச்சத்துக்கு 1955இல் 'இம்பக்ற்' முதலிதழில் வெளிவந்த பேர்னாட் கிறிக்ஸ்ரைனின் சித்திரக்கதையைக் காட்டலாம். நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஒருவன் மற்றொருவனைக் கண்டு நடுங்குகின்றான். அவன் நாசி முகாமிலிருந்து தப்பியவன் என்றே வாசகன் கருதுகின்றான். அவனே பெல்சன் முகாமின் தளபதியாக இருந்தவன் என்பது பின்னர் தெரிகின்றது. தமக்குத் தரப்பட்ட கதையை எட்டுப் பக்கங்களாக விரிக்க அனுமதி பெற்ற கிறிக்ஸ்ரைன், சட்டகங்களைக் குறுகிய துண்டுகளாகப் பிளந்து, ஒரு கணநேரத்தைப் பல சட்டகங்களிற் பரப்பினார். யூதப் படுகொலை பற்றி அமெரிக்க வெகுசனக் கலை பெரிதும் மௌனம் சாதித்த காலத்தில், சிறுவர் ஏடு என்று ஒதுக்கப்பட்ட வடிவம் அதனைப் பேசியது.

இவ்வேடுகளை இலட்சியப்படுத்துதல் தவறாகும். மேற்காட்டியவை போன்ற கதைகள் மொத்தத்திற் சிறுபான்மையே. பெரும்பாலானவை கணவனைக் கொல்லும் மனைவி, மனைவியைக் கொல்லும் கணவன், பழிவாங்க எழுந்துவரும் பிணம் என்னும் வாய்பாட்டுக்குள் அடங்குவன. பெண்ணை ஆசைகாட்டி அழிப்பவளாகவே சித்திரிக்கும் மரபு அவற்றில் மலிந்துள்ளது. சமூகம் வழங்காத நீதியைப் பிணத்தின் கையால் வழங்குவது ஒருவகையில் மக்களின் நீதிவேட்கையை வெளிப்படுத்துகின்றதெனினும், அவ்வேட்கையைக் கனவிலே தணித்தும் விடுகின்றது. ஒரே பதிப்பகம், ஒரே எழுத்தாளர், ஒரே உத்தி. அவற்றினின்று இருவேறு பயன்கள் விளைந்தன. விமரிசகன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். 1954இல் இவற்றை விசாரித்தோர் செய்யத் தவறியது இதனையே.

3

இவ்வேடுகளைத் தாக்கியோரிற் கூடிய செல்வாக்குப் பெற்றவர் உளமருத்துவர் பிறெட்றிக் வேர்தாம். அவரைப் பிற்போக்காளர் என எளிதிற் கூறிவிட முடியாது. நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியிலே கறுப்பின மக்களுக்கென 1946இல் உளமருத்துவ நிலையமொன்றைத் திறந்தவர் அவர். அதற்கு மாக்ஸின் மருமகனான போல் லபாக்கின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. நிறப் பிரிவினைப் பாடசாலைகள் குழந்தைகளின் உளநலத்தைச் சிதைக்கின்றன என அவர் டெலவெயர் வழக்கில் அளித்த சாட்சியம், அப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று. அத்தகையவர் அதே ஆண்டில் வெளியிட்ட நூலிற் சித்திரக்கதைகளே இளைஞர் குற்றச்செயலுக்கு முக்கிய காரணமெனக் குற்றஞ்சாட்டினார். வறுமை, குடியிருப்பு, நிறவெறி ஆகியவற்றைத் தம் நிலையத்தில் நாள்தோறும் கண்டவர், காரணத்தை அச்சிட்ட தாளிலே தேடினார். அவர் தம் நூலிற் காட்டிய சிறுவர் வாக்குமூலங்கள் பலவற்றை மாற்றியும் ஒன்றுசேர்த்தும் விட்டும் பயன்படுத்தியிருந்தமையை, அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கரோல் ரில்லி 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது.

1954 ஏப்ரல் 21ஆம் நாள் செனற் உபகுழு நியூயோர்க்கில் விசாரணையை ஆரம்பித்தது. வேர்தாமும் கெயின்ஸும் அன்றே சாட்சியமளித்தனர். நிறவெறிக்கு எதிராக எழுதப்பட்ட கதையொன்றை வேர்தாம் நிறவெறியைப் பரப்புவதாகக் காட்டினார். மெக்சிக்க இளைஞன் ஒருவனைத் தன் மகள் காதலிப்பதைப் பொறாத தந்தை, முகமூடிக் கும்பலைத் திரட்டிச் சென்று இருளில் அடித்துக் கொல்வது தன் மகளையே என்பது அக்கதை. அதில் வரும் இழிசொல்லை அவர் எண்ணிக் காட்டினார். அச்சொல் எவர் வாயிலிருந்து வருகின்றது, கதை அவருக்கு என்ன முடிவு வைத்திருக்கின்றது என்பவற்றைக் கருதவில்லை. பாத்திரத்தின் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்ளும் இவ்வழு இலக்கிய மாணவன் முதலாண்டிலேயே தவிர்க்கக் கற்பது. மறுநாள், ஏப்ரல் 22ஆம் நாள், மக்காத்திக்கும் இராணுவத்துக்கும் இடையிலான புகழ்பெற்ற விசாரணை வாஷிங்டனில் ஆரம்பித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளின் அண்மை தற்செயலாயினும், இரண்டுக்கும் பொதுவான சூழல் ஒன்றே: தன் உள் நோய்க்குக் காரணத்தைத் தன்னுள் ஊடுருவிய ஏதோவொன்றிலே தேடிய சமூகத்தின் சூழல் அது.

அரசாங்கம் சட்டமியற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. பதிப்பாளர்களே சங்கம் அமைத்து, 1954 ஒக்ரோபர் 26இல் ஒழுக்கக் கோவையொன்றை ஏற்றனர். அதன் முத்திரையில்லாத ஏட்டை விநியோகத்தர் ஏற்கத் தயங்கினர். பிணங்களும் இரத்தக்காட்டேரிகளும் விலக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. அதனினும் முக்கியமான விதிகள் வேறு உள. பொலிசார், நீதிபதிகள், அரச அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோரை நிலைபெற்ற அதிகாரத்தின்மீது அவமதிப்புத் தோன்றுமாறு சித்திரித்தல் ஆகாது, எந்நிலையிலும் நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்படவேண்டும். இவ்விதிகளை மேலே கூறிய கதைகளோடு ஒப்பிட்டால் தடைசெய்யப்பட்டது எது என்பது தெளிவாகும். நிரபராதியைக் கொன்ற காவலதிகாரி இனிக் கதையில் இடம்பெற முடியாது. பிணத்தைத் தடைசெய்தது கோவையின் வெளித்தோற்றம். நீதி தோற்றுப்போகும் முடிவைத் தடைசெய்தது அதன் உட்பொருள்.

'தீர்ப்பு நாள்' கதையை ஈ.சி. மறுபிரசுரம் செய்ய முற்பட்டபோது நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். கோவையின் நிர்வாகியாயிருந்த நியூயோர்க் நீதவான் சாள்ஸ் மேர்பி, விண்வெளி அதிகாரி கறுப்பினத்தவனாக இருத்தலாகாதெனக் கூறினார். கதையின் பொருளே அதுவெனக் கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்ரைனும் மறுத்தபின், அவன் முகத்தின் வியர்வைத் துளிகளையாவது நீக்கும்படி கோரப்பட்டது. அதற்கும் அவர்கள் இணங்கவில்லை. 1956 தொடக்கத்தில் 'இன்கிறெடிபிள் சயன்ஸ் ஃபிக்ஷன்' 33ஆம் இதழிற் கதை மாற்றமின்றி வெளிவந்தது. ஈ.சி. வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை ஏடு அதுவே.

4

கோவைக்குப் பின்னரும் கதைத்தொகுப்பு ஏடுகள் மறைந்துவிடவில்லை. 1959இல் 'ரேல்ஸ் ஒவ் சஸ்பென்ஸ்', 'ரேல்ஸ் ரு அஸ்ரோனிஷ்' என்பன தொடங்கின. பின்னர் மாவல் எனப் பெயர்பெற்ற நிறுவனத்துக்காக ஸ்ரான் லீயின் ஆசிரியப் பொறுப்பில், ஜக் கேர்பி, ஸ்ரீவ் டிற்கோ முதலிய ஆற்றல்மிக்க ஓவியர் இவற்றில் வரைந்தனர். டிற்கோவின் ஐந்து பக்கக் கதைகளில் நிழலும் வெறுமையும் கொண்டு ஆக்கப்படும் சூழல் இன்றும் வியக்கத்தக்கதே. ஆயின் அக்கதைகளிற் பேராசைக்காரன் தண்டனை பெறுவான். கொடியவன் தன் வலையில் தானே வீழ்வான். குற்றம் தனிமனித இயல்பின் குறையாகிவிடுகின்றது. அக்குறையை வளர்க்கும் நிறுவனம் கண்ணிற் படுவதில்லை. கேர்பியின் இராட்சதக் கதைகளிலோ அச்சம் விண்ணிலிருந்தும் மண்ணின் அடியிலிருந்தும் வருகின்றது. 'ஸ்ரேஞ்ச் ரேல்ஸ்' 89ஆம் இதழில் (1961) துயிலெழும் பெருநாகம், தாய்வானைத் தாக்க ஆயத்தமான செஞ்சீனப் படைகளை அழிப்பதற்குப் பயன்படுத்தப்படுகின்றது. திகிலும் பனிப்போரும் இதனிலும் வெளிப்படையாகக் கைகோத்தல் அரிது.

இப்போக்கின் முடிவு 1963 மார்ச் திகதியிட்ட 'ரேல்ஸ் ஒவ் சஸ்பென்ஸ்' 39ஆம் இதழிற் காணப்படுகின்றது. அமெரிக்க இராணுவத்துக்கு ஆயுதம் ஆக்கும் செல்வந்தன் ரொனி ஸ்ராக், வியற்நாமிலே தன் ஆயுதங்களின் செயற்பாட்டைக் காணச் சென்று, கெரில்லாக்களிடம் சிக்கி, இரும்புக் கவசம் செய்து அவர்தம் தலைவனை வீழ்த்துகின்றான். அன்று தொடங்கி அவ்வேடு அவனுக்குரியதாயிற்று. பின்னர் கப்ரன் அமெரிக்கா அதனைப் பகிர்ந்துகொண்டு, 1968இல் ஏட்டின் பெயரையே தன் பெயராக மாற்றிக்கொண்டான். நாயகனற்ற வடிவம் நாயகனிடம் சரணடைந்த வரலாறு இது. சமூகத்தினுள் இருந்த அச்சத்தைக் காட்டக்கூடியதாயிருந்த ஏட்டு வடிவம், பத்தாண்டுகளுள், ஆயுத உற்பத்தியாளனை மீட்பனாகக் காட்டும் நிலையை அடைந்தது.

வேறு வழி இருக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. கோவையின் எல்லைக்குப் புறம்பான கறுப்பு வெள்ளைச் சஞ்சிகை வடிவத்தில் ஜேம்ஸ் வாறன் வெளியிட்ட 'பிளேசிங் கொம்பற்' ஏட்டின் 2ஆம் இதழில் (1966) ஆச்சி குட்வின் எழுத, 'தீர்ப்பு நாள்' கதையை வரைந்த அதே ஒர்லாண்டோ ஒரு கதையை வரைந்தார். அதன் மையப் பாத்திரம் வியற்நாமின் முதிய நெல் விவசாயி. யுத்தத்தில் தன் குடும்பத்தை இழந்தும் வயலைப் பற்றி நின்ற அவன், வயல் எரிகையில் மடிகின்றான். அவ்வேடு நான்கு இதழ்களுடன் நின்றது. படைத்தளக் கடைகளில் அது விலக்கப்பட்டதென வாறன் பின்னர் கூறியுள்ளார். ஒரே நாட்டைக் களமாகக் கொண்ட இவ்விரு கதைகளுக்கும் இடைப்பட்ட தூரமே கோவைக்கு உட்பட்ட உலகுக்கும் உட்படாத உலகுக்கும் இடைப்பட்ட தூரமாகும்.

5

முற்போக்காளரின் பங்கு பற்றிய வினாவை இனி நோக்கலாம். வேர்தாமின் அரசியல் எவ்வாறாயினும் அவர் தனிமனிதர். பிரித்தானியாவில் நிகழ்ந்தது இயக்கம். அங்கு அமெரிக்கத் திகில் ஏடுகளுக்கெதிராக எழுந்த கிளர்ச்சி, 1955ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் தீங்கு வெளியீட்டுச் சட்டத்தில் முடிந்தது. அக்கிளர்ச்சியின் தோற்றத்திலும் வளர்ச்சியிலும் பிரித்தானியக் கொம்யூனிஸ்ற் கட்சியினர் வகித்த முக்கிய பங்கினை மாட்டின் பாக்கர் 1984இல் வெளியிட்ட நூல் ஆவணங்களோடு நிறுவியுள்ளது. அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்த்தல் அவர்களின் நோக்கம். அது நியாயமான நோக்கமே. ஆயின் கிளர்ச்சி பரந்தபோது அமெரிக்க ஏகாதிபத்தியம் பற்றிய பேச்சு மறைந்து, குழந்தையின் தூய்மை, குடும்பத்தின் புனிதம் என்பனவே எஞ்சின. பொருளாதார விளக்கம் ஒழுக்க விளக்கத்துக்கு இடங்கொடுத்தது. அதன் பயனை அடைந்தோர் கொம்யூனிஸ்ற்றுகள் அல்லர்.

பாக்கர் விரிவாக ஆராயும் கதையொன்று இதனை விளக்கும். 1954இல் வெளிவந்து செனற் விசாரணையிலும் எடுத்துக்காட்டப்பட்ட அக்கதையில், குடிகாரத் தந்தையாலும் அன்பற்ற தாயாலும் வதைக்கப்படும் லூசி என்னும் சிறுமி, தந்தையைச் சுட்டுக்கொன்று பழியைத் தாயின்மீது சுமத்தி, தான் விரும்பிய சிற்றன்னையின் வீட்டை அடைகின்றாள். இறுதியில் அவள் வாசகனை நோக்கிக் கண்சிமிட்டுகின்றாள். கண்டித்தோர் இதிற் குற்றத்துக்கான தூண்டுதலைக் கண்டனர். பாசம் நிறைந்த இல்லம் என்னும் போர்க்காலத்துக்குப் பிந்திய அமெரிக்கப் படிமத்தின்மீது கதை நிகழ்த்தும் தாக்குதலை அவர்கள் காணவில்லை. அல்லது கண்டமையாலேயே வெகுண்டனர்.

நமது விமரிசன மரபுக்கு இது புறம்பான விடயமன்று. 'நச்சிலக்கியம்' என்னும் சொல் ஈழத்து முற்போக்கு விமரிசனத்திற் பரவலாக வழங்கி வந்துள்ளது. 1970களில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் அச்சொல்லின் பயன்பாடு மேலும் கூர்மையடைந்தது. உள்ளூர் வெளியீட்டுத் துறைக்குச் சந்தை வேண்டுமென்ற கோரிக்கையும், குறித்த எழுத்து நஞ்சு என்ற தீர்ப்பும் வெவ்வேறானவை. முன்னையது பொருளாதார நியாயம் உடையது. பின்னையது பிரதியை வாசித்த பின்னரே வழங்கப்படவேண்டியது. இரண்டையும் ஒன்றாக்கியபோது பிரித்தானியத் தோழர்களுக்கு நேர்ந்தது எதுவென மேலே கண்டோம்.

தீமையைச் சித்திரித்தலும் தீமையைப் பரப்புதலும் ஒன்றெனக் கொள்ளும் நோக்கு, நடைமுறையில், தீமையின் காரணத்தைச் சித்திரிக்கும் எழுத்தையே முதலிற் பலிகொள்ளும். அதிகாரம் எப்பொழுதும் தன்னை அவமதிக்கும் எழுத்தை முன்னிறுத்தியே 'தீங்கு' என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் செய்கின்றது. மாவல் நிறுவனம் 2001இலும், எஞ்சியிருந்த பதிப்பாளர் 2011இலும் கைவிட்டமையோடு அமெரிக்க ஒழுக்கக் கோவை செயலிழந்தது. அது நிலவிய அரைநூற்றாண்டிற்கு மேற்பட்ட காலத்தில் இளைஞர் குற்றச்செயல் ஒழிந்துவிடவில்லை. வதைபட்ட சிறுமியின் கண்சிமிட்டலும், குற்றமிழைத்த காவலதிகாரியின் முகமும் நெடுங்காலம் அவ்வேடுகளிற் காணப்படாதொழிந்தன. வெகுசன எழுத்தை ஆராயும் விமரிசகன் முதலிற் கேட்கவேண்டியது அது எத்தனை பிணங்களைக் காட்டுகின்றது என்பதன்று. அவற்றைப் பிணமாக்கியோர் யாரென்று அது சொல்லத் துணிகின்றதா என்பதே.